கட்டுச்சோறும் தவக்குலும்

வடதிசை ஆறொன்றில், சிறு தோணியொன்றில், இரு திங்கள் பயணம் செய்யப் புறப்படுகின்ற ஒருவர் தம் தோணியில் எவற்றை ஏற்ற வேண்டும்? எவற்றை விட்டுச் செல்ல வேண்டும்? இதனைத் தோணிக்காரர்களின் கேள்வியென்று நாம் தள்ளிவிடலாம். ஆயினும் அதன் அடியில் ஒரு மார்க்கக் கேள்வி கிடக்கிறது. அறுபது நாள் உணவை மூட்டை கட்டுகிறவர், அறுபது நாளும் உணவளிக்கும் இறைவன்மீது நம்பிக்கை குறைந்தவரா? அன்றி, மூட்டை கட்டாமல் புறப்படுகிறவர்தாம் அவ்விறைவன் வகுத்த ஒழுங்கை மதியாதவரா?

தவக்குல் பற்றி நம்மிடையே இரு வகைப் பேச்சுக்கள் உலவுகின்றன. "ரிஸ்க் அளப்பவன் ரப்பு, நமக்கேன் கவலை?" என்பார் ஒரு சாரார். அவர்களுள் மெய்யான இறைநேசரும் உண்டு. சோம்பலுக்கு மார்க்கச் சட்டை அணிவித்தவரும் உண்டு. மற்றொரு சாரார் வாயளவில் "இன்ஷா அல்லாஹ்" என்பார். உள்ளத்திலோ தம் திட்டத்தையும் கருவியையும் பணப்பையையுமே நம்பியிருப்பார். நிலத்தில் வாழும்போது இவ்விரு சாராரையும் பிரித்தறிவது எளிதன்று. முன்னவரின் குறையை உறவினர் நிரப்பிவிடுவர். பின்னவரின் செருக்கை ஊர்ச் சந்தடி மறைத்துவிடும். கடையும் அண்டை வீடும் இல்லாத ஓரிடத்தில்தான் இரண்டும் வெளிப்படும். ஆகவேதான் நாம் ஓர் ஆற்றுக்குச் செல்கிறோம்.

கனடா நாட்டின் வடகிழக்கே லாப்ரடார் தீபகற்பத்தில் ஜார்ஜ் ஆறு என்றோர் ஆறு உண்டு. ஏரிகளில் பிறந்து, வடக்கு நோக்கி ஏறத்தாழ 565 கிலோமீட்டர் ஓடி, உங்காவா விரிகுடாவில் கலக்கிறது. கரை நெடுகச் சாலை இல்லை. முகத்துவாரத்தை அண்மிய இடத்தில்தான் இன்யூட் மக்களின் சிற்றூர் ஒன்று இருக்கிறது. கோடை என்பது அங்கே ஜூலை, ஆகஸ்ட் என்னும் இரண்டே மாதங்கள். அக்கோடையிலும் நீரின் குளிர் குறையாது. தோணி கவிழ்ந்தால் நீந்தத் தெரிந்தவரும் குளிரால் கை கால் விறைத்து மாண்டு போவார்.

அந்த ஆற்றில் செல்லும் தோணியைக் கனூ என்பர். இரு முனையும் கூர்ந்தது. இருவர் துடுப்பிடத் தக்கது. வேண்டும்போது தோளில் தூக்கி நடக்கத் தக்க இலேசானது. தூக்கி நடப்பதேன் என்று வியக்க வேண்டாம். நீர் பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் இடங்களில் தோணியைக் கரையேற்றி, அதனையும் சுமைகள் அனைத்தையும் முதுகில் சுமந்து, புதரும் சதுப்புமான வழியில் நடந்து, அப்பால் மீண்டும் நீரில் இறக்க வேண்டும். ஆகவே அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் கடையில் கொடுக்கும் விலை ஒன்று, முதுகில் கொடுக்கும் விலை ஒன்று என இரு விலைகள் உண்டு.

இன்றும் அவ்வாற்றில் செல்வோர் இருக்கின்றனர். ஷெஃபர்வில் என்னும் சிற்றூர் வரை இரயிலில் போய், அங்கிருந்து நீரில் இறங்கும் சிறு விமானத்தில் ஏறிச் செல்வோர் உண்டு. விமானி பொருள்களை நிறுத்துத்தான் ஏற்றுவார். எனவே ஆயத்தம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. மாவு, அரிசி, பருப்பு, உலர்த்திய காய்கறி, எண்ணெய் ஆகியவற்றை ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என நிறுத்து, நாள்வாரியாக முடிந்து, நீர் புகாத பீப்பாய்களில் அடைக்கின்றனர். ஏரிகளில் எதிர்க்காற்று எழுந்தால் தோணி நகராது. அவ்வாறு கரையில் முடங்கும் நாட்களுக்கென்று தனியே உணவு எடுத்து வைக்கின்றனர். மாற்றுத் துடுப்பு ஒன்று. நனையாதபடி கட்டிய மாற்றுடை ஒன்று. தீப்பெட்டி ஓரிடத்தில் நனைந்தால் மற்றோரிடத்தில் இருக்கட்டும் என்று மூன்று இடங்களில். கொசுவும் கறுப்பு ஈயும் மேகம்போல் மொய்க்கும்; அவற்றுக்கு முகவலை. கிழிந்த கூடாரத்தைத் தைக்க ஊசியும் நூலும்.

அந்த ஊசியையும் நூலையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும்.

திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 197ஆம் வசனம், பயண உணவைச் சேர்த்துக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறது. உடனே, உணவுகளிற் சிறந்தது தக்வா என்றும் அறிவிக்கிறது. பேச்சாளர்கள் பெரும்பாலும் பின்பகுதியைச் சொல்லி முன்பகுதியை விழுங்கிவிடுவது வழக்கம். இவ்வசனம் இறங்கிய காரணத்தை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். யமன் நாட்டார் சிலர் கட்டுச்சோறு இன்றி ஹஜ்ஜுக்குப் புறப்படுவார்களாம். தாங்கள் தவக்குல் உடையோர் என்று சொல்லிக்கொள்வார்களாம். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்களாம். இதனைக் கண்டித்தே வசனம் இறங்கிற்று. கண்டிக்கப்பட்டது எது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவர்கள் பசித்திருந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. தம் பசியைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு, அதற்கு இறைநம்பிக்கை என்று பெயரும் சூட்டியதுதான் குற்றம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலுக்கென்றே ஒரு நூற்பகுதி வகுத்திருக்கிறார்கள். காரண காரியங்களை அவர்கள் மூவகையாகப் பிரிக்கிறார்கள். முன்னே இருக்கும் உணவுக்குக் கை நீட்டுவது போன்ற உறுதியான காரணங்கள் ஒருவகை. இவற்றை விடுவது பைத்தியம். வெறும் கற்பனையான காரணங்கள் மற்றொரு வகை. இவற்றின் பின்னே அலைவது தவக்குலுக்கு மாறு. இடைப்பட்டவை பெரும்பாலும் பலன் தருபவை. பாலைவனப் பயணத்துக்கு உணவு கொண்டு செல்வதை இவ்விடை வகையில் இமாமவர்கள் வைக்கிறார்கள். உள்ளம் இறைவனையே சார்ந்திருக்குமாயின், உணவை எடுத்துச் செல்வது தவக்குலைக் குலைக்காது. அது முன்னோர் நடைமுறை என்கிறார்கள். உணவின்றிச் செல்வதை முற்றாகத் தடுக்கவும் இல்லை. ஆனால் அதற்கு அவர்கள் இடும் நிபந்தனைகளைக் கேட்டால் நம்மில் எவரும் துணியமாட்டோம்: ஏறத்தாழ ஒரு வாரம் பசியைத் தாங்கத் தன்னைப் பழக்கியிருக்க வேண்டும், புல் பூண்டை உண்டு உயிர் தாங்க வல்லவராகவும் இருக்க வேண்டும். நீரும் புல்லும் இல்லாத, மனிதர் எவரும் வராத மலையிடுக்கில் போய் "தவக்குல்" என்று உட்கார்ந்துகொள்பவரை, தன் அழிவுக்குத் தானே முயலும் பாவி என்றே தீர்ப்புச் செய்கிறார்கள்.

அதே இடத்தில் இப்ராஹீம் அல்கவ்வாஸ் (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. உணவின்றியே பாலைவனங்களைக் கடந்த பெரியார் அவர். ஆனால் ஊசியும் கத்தரியும் கயிறும் நீர்ப்பாத்திரமும் அவரை விட்டு அகன்றதில்லை. உணவை விட்டவர் ஊசியை ஏன் விடவில்லை? இமாமவர்கள் விளக்குகிறார்கள்: பாலைவனத்து நீர் தரைமேல் கிடைக்காது, கிணற்றில்தான் இருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து நீர் தானாக மேலே வருவது இறைவன் நடத்தும் வழக்கமன்று. புல் கிடைப்பது போல் கயிறும் வாளியும் அங்கே கிடைப்பதுமில்லை. உடுத்தியிருப்பது ஓர் ஆடை. அது கிழிந்தால் மறைவிடம் வெளிப்படும். ஊசி பாலைவனத்தில் முளைப்பதில்லை. எவ்வளவு நுட்பமான நோட்டம்! எந்த நிலத்துக்குப் போகிறோமோ அந்த நிலத்தில் இறைவன் எதைக் கொடுப்பது வழக்கம், எதைக் கொடுப்பது வழக்கமில்லை என்பதை அறிந்து மூட்டை கட்டுவதே அப்பெரியாரின் தவக்குலாக இருந்திருக்கிறது. ஜார்ஜ் ஆற்றில் குடிநீர் சுமந்து செல்ல எவரும் நினைப்பதில்லை. அதே தோணிக்காரர் ஊசி நூலை மறப்பதில்லை. கவ்வாஸ் (ரஹ்) அவர்கள் அத்தோணியைக் கண்டிருந்தால் மூட்டையின் அளவைக் கண்டு முகம் சுளித்திருக்கலாம். ஊசியைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள் என்றே நாம் எண்ணுகிறோம்.

இனி நடந்த வரலாறு ஒன்று. 1903ஆம் ஆண்டு லியோனிடாஸ் ஹப்பர்ட் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், லாப்ரடாரின் உட்பகுதியைக் கடந்து ஜார்ஜ் ஆற்றின் வழியே வடகடலை அடைய விரும்பினார். நண்பர் டில்லன் வாலஸ் உடன் வந்தார். கிரீ இனத்தாயும் ஸ்காட்லாந்துத் தந்தையும் ஈன்ற ஜார்ஜ் எல்சன் என்பவர் துணைக்கு வந்தார். எல்சன் காட்டுவாழ்வில் தேர்ந்தவர். ஆயினும் அவரும் லாப்ரடாருக்குப் புதியவரே. அப்பகுதியை அறிந்த வழிகாட்டி எவரும் உடன் இல்லை. மூவருக்கும் சேர்த்து ஒரே தோணி. ஜூலை 15 அன்று புறப்பட்டார்கள். அந்நாட்டுக் கோடைக்கு அது பிந்திய நாள்.

கிராண்ட் ஏரி என்னும் ஏரியின் கோடியில் நாஸ்காப்பி ஆற்றில் ஏறியிருக்க வேண்டும். அவர்களிடமிருந்த வரைபடமோ அவ்வேரியில் ஓர் ஆறு சேர்வதாக மட்டுமே காட்டிற்று, சேர்ந்தவையோ பல. உண்மையான முகத்துவாரத்தைக் கவனியாமல் கடந்து, சூசன் என்னும் சிற்றோடையில் ஏறிவிட்டார்கள். வாரக்கணக்கில் தோணியைச் சுமந்து நடந்தார்கள். உணவு கரைந்தது, கோடையும் கரைந்தது. செப்டம்பர் நடுவில் திரும்ப முடிவு செய்தபோது குளிர்காலம் வாசலில் நின்றது. தோல் காலணியைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் நிலை வந்தது. அக்டோபர் 18 அன்று ஹப்பர்ட்டால் நடக்க இயலவில்லை. அவரைக் கூடாரத்தில் விட்டு மற்ற இருவரும் உதவி தேடிப் புறப்பட்டனர். அவர்கள் முதலில் தேடிச் சென்ற பொருள் என்ன தெரியுமா? கோடையில், நனைந்துவிட்டதென்று எறிந்துவிட்டுப் போன சிறிது மாவு. பூஞ்சணம் பிடித்துக் கட்டியாகிக் கிடந்த அம்மாவைக் கண்டெடுத்தார்கள். வாலஸ் ஒரு பங்குடன் ஹப்பர்ட்டிடம் திரும்ப முயன்றார். பனிப்புயலில் கூடாரத்தைக் காண முடியவில்லை. ஹப்பர்ட் தனிமையிலேயே உயிர் நீத்தார்.

அவர் இறைநம்பிக்கை அற்றவர் அல்லர். பக்தியுள்ள கிறிஸ்தவர், இறுதி நாட்களில் தம் வேதத்தை நண்பர் வாசிக்கக் கேட்டு ஆறுதல் பெற்றவர், இறைவன் உணவளிப்பான் என்ற உறுதியைக் கடைசி வரை விடாதவர். நம்பிக்கையில் குறை வைத்ததால் அவர் மாண்டார் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நாட்களின் கணக்கிலும், தோணியின் எண்ணிக்கையிலும், வழியறிந்தவர் துணையிலும்தான் குறை இருந்தது. அவற்றின் விலையை அவர் ஒருவர் மட்டும் செலுத்தவில்லை. எல்சன் பனியில், போதிய ஆடையின்றி, ஏறத்தாழ உணவின்றி, பல நாட்கள் நடந்து, தெப்பம் கட்டி நீரைக் கடந்து, பொறிவைத்து விலங்கு பிடிப்போரின் குடியிருப்பை அடைந்தார். அங்கிருந்த நால்வர் தம் வேலையை விட்டுவிட்டு உறைபனியில் வாலஸைத் தேடிப் புறப்பட்டார்கள். அந்நால்வரும் ஹப்பர்ட்டை அறியாதவர்கள். அவருடைய இலட்சியத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆனாலும் அவருடைய மூட்டையில் குறைந்திருந்ததை அவர்கள் தம் உயிரைப் பணயம் வைத்து நிரப்ப வேண்டியதாயிற்று. யமன் யாத்திரிகர்களை நாம் இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"அவர் மவுத்து அங்கேதான் என்று எழுதியிருந்தால் இரண்டு தோணி இருந்தும் என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். அமவாஸ் கொள்ளைநோயின்போது சர்கு என்னுமிடத்திலிருந்து படையைத் திருப்பிய உமர் (ரலி) அவர்களை நோக்கி அபூஉபைதா (ரலி) அவர்கள் இதே வினாவைத் தொடுத்தார்கள்: இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா? ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு ஓடுகிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் தந்த மறுமொழியின் சாரம். இரண்டாவது தோணியும் விதிக்குள் அடங்கியதே. இதற்குமேல் இதனை நாம் நீட்ட விரும்பவில்லை.

ஹப்பர்ட்டின் மனைவி மினா, கணவர் விட்டதை முடிக்க 1905ஆம் ஆண்டு தாமே புறப்பட்டார். அதே எல்சனை அழைத்தார். எல்சனோடு இன்னும் மூவர். அம்மூவரில் கில்பர்ட் பிளேக் என்னும் இளைஞர், இரண்டாண்டுகளுக்கு முன் வாலஸை மீட்கச் சென்ற நால்வரில் ஒருவர். இம்முறை இரண்டு தோணிகள். கோதுமை மாவு மட்டுமே 392 இராத்தல். புறப்பட்டது ஜூன் 27 அன்று. நாஸ்காப்பி ஆற்றைச் சரியாகக் கண்டு ஏறினார்கள்.

இவ்வளவு ஆயத்தத்துக்குப் பின்னும், பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு தோணி கவிழ்ந்தது. கோடரிகள் உள்ளிட்ட பல கருவிகள் ஆற்றோடு போயின. கவனமாகக் கட்டியவை எல்லாம் நம் கையில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை என்று ஆறே சொல்லிவிட்டது. ஆனால் உயிர் போகவில்லை, மற்றத் தோணி இருந்தது, பயணம் நிற்கவில்லை. ஆகஸ்டில் ஜார்ஜ் ஆற்றின் கரையில் இன்னு மக்களின் முகாமொன்றைக் கண்டு, கடல் எவ்வளவு தொலைவு என்று வினவினார்கள். இரண்டு மாதப் பயணம் என்று விடை வந்தது. மினாவுக்கு நெஞ்சு கலங்கிற்று. ஆகஸ்ட் இறுதியில் முகத்துவாரத்துக்கு வரும் கப்பலைத் தவறவிட்டால் குளிர்காலம் முழுதும் அங்கே கழிக்க வேண்டும். இன்னும் சற்றுத் தொலைவில் மற்றொரு கூட்டத்தார், விரைந்து சென்றால் ஐந்து இரவுகள் உறங்கினால் போதும் என்றார்கள். அவ்வாறே விரைந்து, ஆகஸ்ட் 27 அன்று ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் நிலையத்தை அடைந்தார்கள். கப்பலோ அக்டோபரில்தான் வந்தது! அத்தனை கணக்கும் கூட்டிக் கழித்து நாளைப் பிடித்த அம்மையார், கரையில் அமர்ந்து வாரக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. மனிதன் செய்யக் கூடியதன் எல்லை அந்தக் கரை.

இத்தகைய ஆற்றுப் பயணத்தை நம்மவர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார் என்பது நம் குடும்பங்களில் அதிகம் பேசப்படாத செய்தி. கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் ஒருவராக, ஹிஜ்ரி 309, அதாவது கி.பி. 921இல், பக்தாதிலிருந்து வோல்கா ஆற்றங்கரைப் பல்கர் மன்னரிடம் சென்ற அஹ்மத் இப்னு ஃபள்லான் அவர். ஜைஹூன் ஆறு உறைந்து கிடக்க, ஜுர்ஜானிய்யா நகரில் மாதக்கணக்கில் தங்கி ஆயத்தம் செய்தார்கள். மூன்று மாதத்துக்கான ரொட்டியும் தினையும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியும் சேர்த்தார்கள். வழியில் குறுக்கிடும் ஆறுகளைக் கடக்க ஒட்டகத் தோலால் மடிக்கத் தக்க தோணிகள் செய்துகொண்டார்கள். அவ்வூரார் குளிரைப் பற்றி எச்சரித்தது மிகையென்று அவருக்குத் தோன்றியது. பின்னர் நேரில் கண்டபோது அது சொல்லப்பட்டதைவிடப் பன்மடங்காக இருந்ததாம். ஆடைமேல் ஆடையாக அணிந்துகொண்டதில், ஒட்டகத்தின் மேல் ஏறியவர் அசையவும் இயலாமற் போனார் என்று அவரே எழுதுகிறார். ஆயத்தம் மிகுந்தாலும் மனிதன் மூட்டையாகிவிடுகிறான் பாருங்கள்! பக்தாதிலிருந்து உடன் வந்த ஃபகீஹும் முஅல்லிமும் அச்சமுற்று அவ்விடத்திலேயே நின்றுவிட்டார்கள் என்றும் அவர் பதிவு செய்கிறார். முஅல்லிம்களாகிய நம் கூட்டத்தாருக்கு இது பெருமை தரும் செய்தியன்று, ஆயினும் மறைப்பதற்கில்லை.

ஆறுகள் வந்தன. தோல் தோணிகளை விரித்து, பொருள்களை நிரப்பி, மேலே ஆட்கள் அமர்ந்து, மரக்கிளைகளையே துடுப்பாகக் கொண்டு கடந்தார்கள். தோணி நீரில் சுழன்று சுழன்று சென்றதாம். பெரிய ஆறாகிய ஜைஹ் ஆற்றில் ஒரு தோணி கவிழ்ந்து, அதிலிருந்தோர் மூழ்கியதைத் தம் கண்ணால் கண்டதாக எழுதுகிறார். தோணி செய்யாமல் போயிருந்தால் எவரும் கடந்திருக்க முடியாது. தோணி செய்தும் எல்லாரும் கடந்துவிடவில்லை. இவ்விரண்டையும் அடுத்தடுத்த வரிகளில், ஒன்றை மற்றொன்றால் மறைக்காமல் எழுதியிருப்பதற்காகவே அந்நூலை நாம் மதிக்கிறோம்.

இன்று ஆற்றில் செல்வோரிடம் விண்கோள் வழிப் பேசும் தொலைபேசி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கோ ஒருவருக்குச் செய்தி போகும். நல்லதே. ஆனால் அக்கருவியே துணிச்சலுக்குக் காரணமாகி, இறங்கக் கூடாத பாய்ச்சலில் ஒருவர் இறங்கினால், மீட்க வரும் விமானியின் உயிரையும் அவர் தம் மூட்டையில் சேர்த்துக்கொண்டார் என்றுதான் பொருள். சோறின்றிப் புறப்பட்ட யமன் நாட்டாரும் கருவியை நம்பிப் புறப்படும் இவரும் வேறு வேறு திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். பொறுப்புள்ளவர்கள், இன்ன நாளுக்குள் செய்தி வராவிட்டால் தேடுங்கள் என்று நாளும் வழியும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டே புறப்படுகிறார்கள். பயணம் போகுமுன் கடனை அடைப்பது, அமானிதங்களைத் திருப்பித் தருவது, குடும்பச் செலவுக்கு வழி செய்வது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆயத்தந்தான். அவற்றுள் ஒன்றுகூடத் தோணியில் ஏறும் சுமையன்று என்பது கவனிக்கத் தக்கது.

எல்லாப் பயணங்களுக்கும் தலையாய பயணம் ஹிஜ்ரத். அதற்கெனச் சித்தீக் நாயகம் அபூபக்கர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்கள் இலை தழை ஊட்டி வளர்த்தார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டுச்சோற்றுப் பையைக் கட்டினார்கள். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) அவர்கள் இரவில் ஆடுகளை ஓட்டிவந்து பால் கொடுத்தார்கள். வழியறிந்தவர் என்பதற்காக, ஈமான் கொள்ளாத அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். இத்தனைக்கும் பிறகு, தவ்ர் குகையின் வாயிலில் எதிரிகளின் பாதங்கள் தெரிந்தபோது, இவற்றுள் ஒன்றும் உதவக் கூடிய நிலையில் இல்லை. கவலைப்பட வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தோழருக்குத் தேறுதல் கூறியது அந்த நேரத்தில்தான். ஆயத்தம் நான்கு மாதம் நடந்தது. அந்தத் தேறுதலை அதற்கு ஈடாக எவரும் முன்கூட்டியே சொல்லிவிடவில்லை.

இந்நிகழ்ச்சியில் சிறியதாகத் தோன்றும் ஒரு செய்தி உண்டு. புறப்படும் கட்டளை வந்த அன்று, தாம் வளர்த்த ஒட்டகங்களில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுமாறு அபூபக்கர் (ரலி) அவர்கள் வேண்டினார்கள். உயிரையே தரச் சித்தமாயிருந்த தோழர், அன்பாகக் கொடுத்த ஒட்டகம் அது. விலைக்குத்தான் பெற்றுக்கொள்வேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள்.